அடுத்தவர் செய்த வாத்து ஊதலைப் பிரித்துப் பார்க்கலாமா?

கடைசல்பித்தன் கேட்டது:

வணக்கம். இரண்டு வருஷமாக லேத்தில் மரம் கடைந்து வேட்டைக்காரர்களுக்கு வாத்து ஊதல், அதாவது வாத்து போலக் கத்தி வாத்துகளை வரவழைக்கிற ஊதல், செய்துகொண்டிருக்கிறேன். (டக் கால் என்று எழுதினால் வாத்தின் காலைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது, அதனால் ஊதல்.) வடிவமும் பாலிஷும் ஓரளவு கைவந்துவிட்டன, பார்க்கிறவர்கள் கையில் வாங்கி உருட்டிப் பார்க்கிறார்கள். பிரச்சினை சத்தத்தில்தான். மேல் ஸ்வரம் கணீரென்று வருகிறது, அங்கிருந்து கீழே இறங்கும்போது ரீடு (அதிர்ந்து சத்தம் எழுப்புகிற மெல்லிய நாக்கு) பட்டென்று டோன் போர்டில் (அதற்கு அடியில் இருக்கிற பலகையில்) ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் மூச்சே உள்ளே போவதில்லை.

போன மாதம் இந்தத் தொழிலில் பேர் வாங்கிய மூன்று பேரின் ஊதல்களைக் காசு கொடுத்து வாங்கினேன். மூன்றுமே என்னுடையதைப் போல ஒற்றை ரீடுதான். நான் திணறுகிற அதே இடத்தில் மூன்றும் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன! பிரித்து அளந்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது, கூடவே ஒரு உறுத்தலும் இருக்கிறது, ஒருவர் பல வருஷம் மெனக்கெட்டுக் கண்டுபிடித்ததை நான் ஒரு சாயங்காலத்தில் காலிப்பரை வைத்து எடுத்துக்கொள்வது திருட்டு இல்லையா? சரி, திருட்டு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், எதை அளப்பது?

நாணல்நாக்கு எழுதியது:

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கார்க் (ரீடை அமுக்கிப் பிடிக்கிற துண்டு) முடிகிற இடத்தில் ரீடின் மேல் மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கழற்றிய ரீடை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே அது வேறு ஊதல் ஆகிவிடும், அப்புறம் நீங்கள் படிப்பது அவர் செய்ததை அல்ல, நீங்கள் கெடுத்ததை. நான் இப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன், விலை உயர்ந்த ஒன்று, இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

அளவு எடுப்பதற்கு முன் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அவர் இன்சர்ட்டை (ரீடும் டோன் போர்டும் இருக்கிற துண்டை) உங்கள் பேரலில் (வாய் வைத்து ஊதுகிற குழலில்) செருகி ஊதுங்கள், உங்கள் இன்சர்ட்டை அவர் பேரலில். சரியாகப் பொருந்தாவிட்டால் டெஃப்ளான் டேப் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளலாம், காற்றுக் கசியாமல் இருந்தால் போதும். ஒட்டுகிற வியாதி எந்தத் துண்டோடு சேர்ந்து போகிறதோ அதில்தான் குறை. பேரலா ரீடா என்று மாதக்கணக்கில் யோசிக்க வேண்டியது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பந்தயம் கட்டச் சொன்னால் டோன் போர்டின் வளைவு என்பேன். ரீடை கார்க் அமுக்குகிற இடம் தட்டையாக இருக்க வேண்டும், அங்கிருந்து நுனி வரை போர்டு மெல்ல மெல்லக் கீழே விலகிப் போக வேண்டும். நடுவில் தட்டையான இடம் வந்தால் ரீடு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், எச்சில் பட்டால் இன்னும் மோசம். ஒரு எஃகு ஸ்கேலைத் தட்டையான பகுதியில் வைத்து நுனி வரை நீட்டிப் பிடியுங்கள், ஒவ்வொரு 5 மில்லிமீட்டருக்கும் கீழே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், போர்டின் நடுவே ஓடுகிற காற்றுப் பள்ளத்தின் இரண்டு கரையிலும். ரீடின் தடிமனையும் பாருங்கள், பெரும்பாலும் 0.25 அல்லது 0.36 மில்லிமீட்டர் மைலார் பிளாஸ்டிக்காக இருக்கும். இன்சர்ட்டின் பின்பக்க ஓட்டையையும் விட்டுவிடாதீர்கள், அது சிறுத்தால் ஊதும்போது எதிர்ப்பு கூடும், கட்டுப்படுத்துவது சுலபம், ஆனால் சத்தம் குறையும்.

பழையசரக்கு எழுதியது:

தம்பி, உறுத்தல் இருப்பது நல்லதுதான், ஆனால் தேவைக்கு மேல் வேண்டாம். இந்தத் தொழிலே ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் பார்த்து வளர்ந்ததுதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துப் பெக்கின் ஊரில் பிலிப் ஓல்ட் 1904இல் தொடங்கிய கம்பெனி கெட்டி ரப்பரில் டி-2 என்று ஒரு ஊதல் போட்டது. டோன் போர்டும் இன்சர்ட்டும் ஒரே துண்டு. இன்று ஆர்கன்சா பாணி என்று நாம் சொல்கிற இன்சர்ட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கிற மூன்றும் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

காசு கொடுத்து வாங்கியதைப் பிரித்துப் பார்ப்பதைப் பொதுவாகச் சட்டம் தடுப்பதில்லை. பார்த்ததைச் செய்து விற்பதில்தான் வில்லங்கம். காப்புரிமை பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம், அது உயிரோடு இருக்கும் வரை நீங்களே சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்தேன் என்றாலும் செல்லாது. வெளித்தோற்றத்துக்கும் முத்திரைக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. ஊதலில் காப்புரிமை எண் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்பதாலேயே காப்புரிமை கிடையாது என்றும் நினைத்துவிடாதீர்கள், தேடிப் பாருங்கள்.

காலாவதியான காப்புரிமைகளை ஏன் யாரும் படிப்பதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. ஈலம் ஃபிஷர் 1870இல் வாங்கிய வாத்து ஊதல் காப்புரிமை, கிப்சன் 1897இல் வாங்கிய வான்கோழியை அழைக்கிற பெட்டிக் காப்புரிமை, எல்லாம் கூகுள் பேடன்ட்ஸில் படத்தோடு கிடக்கின்றன. போட்டியாளரே வரைபடம் போட்டு விளக்கமும் எழுதி உங்கள் கையில் கொடுத்தது போல.

சட்டத்துக்கு வெளியே ஒரு விஷயம். அடுத்தவர் இன்சர்ட்டில் சிலிக்கோன் அச்சு எடுத்து அப்படியே பிசினில் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வார்ப்பு சுருங்கும், சத்தமும் வராது, பேரும் கெடும்.

சட்டிஉரசி எழுதியது:

நான் வாத்துப் பக்கம் இல்லை, குச்சியால் சிலேட்டில் உரசி வான்கோழியை அழைக்கிற சட்டி செய்கிறவன், ஊதல் கிடையாது. ஆனால் இதே கிறுக்கு எனக்கும் பிடித்திருந்தது. நான்கு பேருடைய சட்டிகளைத் திறந்து, சிலேட் தடிமன், அடியில் இருக்கிற கண்ணாடிக்கும் சிலேட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, ஓட்டைகள் எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகமே நிரப்பினேன். அதில் ஒருவருடைய அளவை அப்படியே வைத்துச் செய்தேன், தகர டப்பாவைச் சுரண்டுகிற சத்தம் வந்தது. மரம் வேறு, பசை வேறு, குச்சி வேறு, அளவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் நாணல்நாக்கு சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். முதலில் காதால் படியுங்கள். ஒரே அறை, மைக்கிலிருந்து ஒரே தூரம், மூன்றையும் உங்களுடையதையும் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (சத்தத்தின் படம்) போட்டுப் பாருங்கள். சத்தம் எங்கே உடைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பெயரை மறைத்து வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள், நம்முடைய ஊதல் என்று தெரிந்தால் நம் காதுக்கே பாசம் வந்துவிடும்.

கடைசல்பித்தன் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் இன்சர்ட் மூன்றும் என் பேரலில் அவர்களுடையது போலவே பேசின, என் இன்சர்ட் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டது. பேரலின் உள்துளையை மாற்ற நான் வாங்கி வைத்த இரண்டு டிரில் பிட் வீண். அவர்கள் ரீடைப் போலவே ஒன்று வெட்டி என்னுடையதில் வைத்தேன், அப்போதும் ஒட்டியது. ஆக, டோன் போர்டுதான்.

ஃபீலர் கேஜ் வைத்ததில்தான் வேடிக்கை. மூன்று பேரும் ஒருவரைப் போல ஒருவர் இல்லை, நுனி இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஒருவருடையது மற்றவருடையதைப் போலக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆனால் கார்க்கிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விலகுவது மட்டும் மூன்றிலும் பொது. என்னுடையது முக்கால் தூரம் தட்டையாகப் போய் நுனியில் திடீரென்று விழுகிறது. காரணம் என் கைதான்! உப்புத்தாளில் தேய்க்கும்போது விரலால் போர்டின் நுனியிலேயே அழுத்தியிருக்கிறேன், இரண்டு வருஷமாக. உறுத்தலும் அதோடு போய்விட்டது, மூன்றிலும் பொதுவாக இருப்பது ரீடு அதிர்வதற்குத் தேவையான விதி, அது யாருடைய சொத்தும் இல்லை. ஆளுக்கு ஆள் மாறுகிற அந்த நுனி இடைவெளி அவரவர் ருசி, அதை நான் தொடவில்லை, என் மூச்சுக்குத் தகுந்ததைத் தேடிக்கொண்டேன்.

இப்போது ஒரு மரக்கட்டையை வளைவாகச் செதுக்கி அதில் உப்புத்தாளை ஒட்டித் தேய்க்கிறேன். கீழே அழகாக இறங்குகிறது. ஆனால் மேல் ஸ்வரம் முன்பு போலக் கணீரென்று இல்லை, கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. மறுபடி போர்டைத் தொடவா?

நாணல்நாக்கு எழுதியது:

போர்டைத் தொடாதீர்கள். ரீடு நுனியை முடி அளவுக்கு வெட்டுங்கள், நீளம் குறைந்தால் ஸ்வரம் ஏறும். வெட்டியதை ஒட்ட முடியாது, அதனால் ஒரே நீளத்தில் நாலு ரீடு தயாராக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அந்தப் பழைய கார்க்கையும் மாற்றிவிடுங்கள், இத்தனை தடவை கழற்றி மாட்டியதில் நசுங்கியிருக்கும்.