கொரோனா ஆண்டில் நேர்மையாகத் தொழில் நடத்தியவர்களை எதை வைத்து அடையாளம் காண்பது?

மாம்பலம் வாசகி:
வணக்கம். தொழில் நடத்துபவர்களிடம் நேர்மையான தலைமை பற்றிப் பேசி, பயிலரங்குகள் நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். சென்னையில்தான். ஆண்டுதோறும் சில நிறுவனங்களை மேடையேற்றி மரியாதை செய்வோம். 2020-ல் அது நின்றுபோனது. இப்போது அந்த ஓராண்டைப் பற்றி மட்டும் ஒரு சிறு நூல் கொண்டுவரலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது.

இதுவரை வந்திருக்கும் பெயர்கள் எல்லாம் நிவாரண நிதிக்குப் பெரிய தொகை கொடுத்தவர்கள், மளிகைப் பொட்டலமும் முகக்கவசமும் வழங்கியவர்கள். நல்ல காரியம்தான். ஆனால் என் அப்பா கிண்டி எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். மே கடைசியில் 25 சதவீத ஆட்களோடு எஸ்டேட்டைத் திறக்க அனுமதி கிடைத்ததும், அவருடைய முதலாளி வங்கிக் கணக்கை எல்லோருக்கும் காட்டி, "இப்போதைக்குப் பாதிச் சம்பளம்தான், மீதியைத் தீபாவளிக்குள் கொடுத்துவிடுகிறேன்" என்றார். கொடுத்தும்விட்டார். அவர் எங்கேயும் நன்கொடை கொடுத்ததாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் முதல் பக்கம் அவருக்குத்தான்.

குழுவில் இதை எடுத்துச் சொல்ல, ஆதாரத்தோடு கேட்கக்கூடிய கேள்விகள் வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் பட்டறை:
மேடம், நான் ஜாப் ஒர்க் (பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுக்கும் வேலை) எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைக்காரன். நாலு லேத், ஒரு மில்லிங். என்னிடம் கேட்டால் முதல் கேள்வி இதுதான்: சப்ளையர் பில்லை எப்போது கொடுத்தீர்கள்?

ஜனவரி, பிப்ரவரியில் சரக்கு அனுப்பி, சலானில் கையெழுத்தும் வாங்கிய பில்கள் மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது அப்படியே நின்றன. பெரிய கஸ்டமர் ஒருவரின் பர்சேஸில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதே கம்பெனி காசோலை கொடுக்கும் படம் பேப்பரில் வந்தது. எனக்குத் தர வேண்டிய பணம் அவர்கள் கையில் இருந்தது, என் பையன்களுக்கு நான் தர வேண்டிய சம்பளம் என் கையில் இல்லை. பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஜிஎஸ்டி நம் தலையில்தான். இது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

பம்பு செய்கிற இன்னொரு கஸ்டமர் இருந்தார். அவருடைய பாக்கி சின்னதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் அவரே போன் செய்து, "தம்பி, உன் கணக்கை முடித்துவிட்டேன், பசங்களை அனுப்பிவிடாதே" என்றார். எங்களிடம் இருந்த ஒடிசா பையன்கள் பட்டறைக்குப் பின்னால்தான் தங்கியிருந்தார்கள். அரிசி, கேஸ், அவர்கள் வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம் பணம், எல்லாம் அந்தத் தொகையில்தான் நடந்தது. மே மாதம் சென்ட்ரலிலிருந்து வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான ஷ்ராமிக் சிறப்பு ரயில் விட்டபோது சிலர் ஊருக்குப் போனார்கள். பாக்கி வைக்காமல் கணக்கு முடித்து அனுப்பினேன். அதனால்தான் பிறகு அவர்களே திரும்பி வந்தார்கள் என்று நம்புகிறேன். அந்தப் பம்புக்காரரைப் போன்றவர்களைத் தேடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர், மயிலாப்பூர்:
பட்டறைத் தம்பி சொல்வதற்குச் சட்டத்திலும் பிடிமானம் உண்டு. 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாளைத் தாண்டி வைத்திருக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பெருந்தொற்று என்பதற்காக இந்தப் பிரிவை யாரும் நிறுத்திவைக்கவில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று சின்னவர்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நன்கொடை விஷயம். சம்பளத்தை சிஎஸ்ஆர் (பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய தொகை) கணக்கில் எழுதலாமா என்ற கேள்வி அப்போதே வந்தது. 2020 ஏப்ரல் 10 அன்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் கொடுத்தது: ஊரடங்குக் காலச் சம்பளம் சிஎஸ்ஆர் ஆகாது, அது முதலாளியின் கடமை. தினக்கூலிக்காரர்களுக்குக் கொடுப்பதும் அப்படித்தான். கூலிக்கு மேல் தனியாகக் கருணைத் தொகை கொடுத்திருந்தால் மட்டும், ஒருமுறை விலக்காக, அதை சிஎஸ்ஆரில் சேர்க்கலாம். பெரிய கம்பெனிகள் எப்படியும் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழித்தாக வேண்டும். அதனால் நன்கொடையை மட்டும் பார்த்து மரியாதை செய்தால், சட்டப்படி செய்தாக வேண்டியதற்கே மாலை போட்டதாக ஆகிவிடும்.

சம்பளத்தில் நிலைமை சிக்கலானது. முழுச் சம்பளம் தர வேண்டும் என்று மார்ச் 29-ல் வந்த உள்துறை உத்தரவு மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. எனவே பாதிச் சம்பளம் கொடுத்தவரை உடனே குற்றவாளி ஆக்க வேண்டாம். வாசகியின் அப்பாவுடைய முதலாளி செய்ததுதான் 'பேசித் தீர்ப்பது'.

ஒரகடம் ஹெச்ஆர்:
ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. "யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை" என்று ஒரு கம்பெனி சொன்னால், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தா என்று கேளுங்கள். எங்கள் பக்கம் லைனில் நிற்பவர்களில் நிறையப் பேர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். ஊரடங்கில் அவர்களுக்கு கேட் பாஸ் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, யாரும் 'நீக்கியதாக' எழுத்திலும் இல்லை. சம்பளப் பட்டியலோடு காண்ட்ராக்டர் வருங்கால வைப்பு நிதி கட்டிய பிஎஃப் சலானையும் வாங்கிப் பாருங்கள். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் எத்தனை தலை குறைந்தது என்று அதில் தெரிந்துவிடும்.

மாம்பலம் வாசகி:
எல்லோருக்கும் நன்றி. அண்ணா, அந்தப் பம்புக்காரரிடம் பேசிப் பார்க்க அனுமதி வாங்கித் தர முடியுமா? ஆடிட்டர் சார், பெரிய கம்பெனிகள் பாக்கி விவரத்தைக் கேட்டால் தருவார்களா?

ஓய்வுபெற்ற ஆடிட்டர், மயிலாப்பூர்:
கேட்கவே வேண்டாம் அம்மா. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் 2020-21 ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். கணக்குக் குறிப்புகளில் 'டிரேட் பேயபிள்ஸ்' (சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி) என்ற இடத்தில் குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியைத் தனியாகக் காட்டியிருப்பார்கள். கெடு தாண்டிய அசல், வட்டி இரண்டையும் காட்டுவதும் சட்டப்படி கட்டாயம். முந்தைய ஆண்டின் எண் பக்கத்திலேயே இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியல் வந்ததும் அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அம்பத்தூர் பட்டறை:
மேடம், அவரிடம் இன்று மாலையே பேசுகிறேன். விளம்பரம் வேண்டாம் என்பார், நான் சமாளித்துக்கொள்கிறேன்.