நெஸ்ட்ஜேஎஸ்: ரிக்வெஸ்ட் ஸ்கோப் போட்டதும் க்ரான் நின்றுவிட்டது, லாகின் உடைகிறது, டேட்டாபேஸ் நிரம்புகிறது. உதவி தேவை

அம்பை_வடகரை:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கத்து நெல் மண்டிகள் 14-க்கு ஒரே கொள்முதல் மென்பொருளை எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நெஸ்ட்ஜேஎஸ் 10 (நோடில் சர்வர் எழுத உதவும் கட்டமைப்பு), நோட் 20 (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டுவது), டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ். சர்வர் ஒன்றுதான், ஆனால் மண்டிக்கு ஒரு தனி டேட்டாபேஸ், ஏனென்றால் கோட்டைக்கு (நெல் அளவை) எத்தனை கிலோ, சாக்குக்கு எவ்வளவு கழிப்பது, ஏற்றுகூலி யார் தலையில் என்று எல்லாமே மண்டிக்கு மண்டி மாறும்.

முதலில் மண்டி எண்ணை ஒரு சாதாரண சர்வீஸில் ஒரு மாறியாக வைத்து, கார்டில் (வரும் கோரிக்கையை உள்ளே விடலாமா என்று சோதிக்கும் பகுதி) அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் ஒருவனாகச் சோதித்தபோது சரியாகவே வந்தது. பிசான அறுவடை நெருக்கடியில் ஒரு விவசாயியின் சீட்டில் பக்கத்து ஊர் மண்டியின் கோட்டைக் கணக்கு விழுந்துவிட்டது. அவர் தாளைக் கொண்டுவந்து காட்டியதால் தெரிந்தது, காட்டாமல் போயிருந்தால் அந்தப் பணத்தை அவர் இழந்திருப்பார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அந்த மண்டி சர்வீஸை ஸ்கோப்.ரிக்வெஸ்ட் (ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு பொருள்) என்று மாற்றி, ரிக்வெஸ்டை அதற்குள் இன்ஜெக்ட் செய்து (நெஸ்ட்டே உள்ளே கொடுக்கும்படி வைத்து), பொருள் பிறக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே அந்த மண்டியின் டேட்டாபேஸுக்கு பூல் (இணைப்புகளின் தொகுப்பு) திறந்தேன். கணக்கு கலப்பது நின்றது. ஆனால் இப்போது வேறு மூன்று பிரச்சினை. இரவு 9 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) மூலம் மண்டி முதலாளிகளுக்குப் போகும் அன்றாடச் சுருக்கம் போவதே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. லாகின் செய்தால் 'அன்னோன் அதென்டிகேஷன் ஸ்ட்ராடஜி ஜேடபிள்யூடி' என்று வருகிறது, லாகினை மட்டும் பழைய கோடுக்கு மாற்றி ஓட்டுகிறேன். காலையில் எல்லா மண்டியும் திறக்கும் நேரத்தில் போஸ்ட்கிரெஸ் 'ஸாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்கிறது, மத்தியானம் தானாகச் சரியாகிவிடுகிறது. மூன்றையும் தனித்தனியாக ஒட்டுப்போட்டுப் பார்த்துக் களைத்துவிட்டேன். எங்கே தொடங்குவது?

வள்ளியூர்_காற்றாலை:

லாகின் விஷயம் எனக்கும் வந்தது தம்பி. உங்கள் ஜேடபிள்யூடி ஸ்ட்ராடஜி (லாகின் டோக்கனைச் சரிபார்க்கும் பகுதி), பயனரைத் தேட யூசர் சர்வீஸைக் கேட்கும், யூசர் சர்வீஸ் மண்டி சர்வீஸைக் கேட்கும், அப்படித்தானே? ரிக்வெஸ்ட் ஸ்கோப் மேல்நோக்கி ஏறும். அடியில் ஒன்று ரிக்வெஸ்ட் ஸ்கோப் ஆனால் அதை இன்ஜெக்ட் செய்கிற எல்லாமே கன்ட்ரோலர் வரை ரிக்வெஸ்ட் ஸ்கோப் ஆகிவிடும். லாகினைக் கவனிக்கும் பாஸ்போர்ட் லைப்ரரியோ, சர்வர் எழும்போது ஒரே ஒரு தடவை ஸ்ட்ராடஜியைப் பொதுப் பட்டியலில் பதிந்துகொள்ளும். ரிக்வெஸ்ட் வந்தால்தான் பிறப்பேன் என்கிற ஸ்ட்ராடஜி அந்தப் பட்டியலில் இருக்காது.

ஸ்ட்ராடஜியில் பாஸ்ரெக்டுகால்பேக் போட்டு, வந்த ரிக்வெஸ்டை வைத்து கான்டெக்ஸ்ட்ஐடிஃபேக்டரியின் கெட்பைரிக்வெஸ்ட் மூலம் அடையாளம் எடுத்து, மாட்யூல்ரெஃப்பில் ரிசால்வ் செய்து யூசர் சர்வீஸை வாங்குங்கள். கெட் வேண்டாம், ஸ்கோப் உள்ள ப்ரொவைடருக்கு (சர்வீஸ் போல நெஸ்ட் உருவாக்கித் தரும் பொருள்) கெட் போட்டால் நேராகப் பிழை வீசும். வெப்சாக்கெட் கேட்வேக்கும் (தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பைக் கையாளும் பகுதி) இதே தொல்லை உண்டு, அதுவும் சிங்கிள்டனாகவே (சர்வர் முழுக்க ஒரே பொருளாகவே) இருந்தாக வேண்டும். காற்றாலை உற்பத்தித் திரையில் அதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

பாளை_சமாதானபுரம்:

தம்பி, அண்ணாச்சி சொன்னது சரியான ஒட்டு. ஆனால் மூன்றும் ஒரே வியாதிதான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

க்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு ரிக்வெஸ்ட் என்று எதுவும் வருவதில்லை. சுருக்கம் எழுதும் சர்வீஸ் அடியில் இருக்கும் மண்டி சர்வீஸால் ரிக்வெஸ்ட் ஸ்கோப் ஆகிவிட்டதால், க்ரானைப் பதிவு செய்யும் நேரத்தில் அப்படி ஒரு பொருளே இல்லை. நெஸ்ட் அதைப் பிழையாக வீசாது, சர்வர் எழும்போது லாகில் ஒரு எச்சரிக்கையாக மட்டும் எழுதும். ஸ்டேடிக் அல்லாத ப்ரொவைடரில் இருப்பதால் க்ரானைப் பதிய முடியவில்லை என்று ஒரு வரி கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

அப்புறம் டேட்டாபேஸ். இதில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரிக்வெஸ்ட் ஸ்கோப் பொருளுக்கு நெஸ்ட் ஆன்மாட்யூல்டிஸ்ட்ராய் போன்ற, மூடும்போது ஓடும் எதையும் கூப்பிடாது, ஆகவே நீங்கள் கன்ஸ்ட்ரக்டரில் திறந்த பூலை மூட ஆள் இல்லை. மத்தியானம் தானாகச் சரியாவது ஏன் தெரியுமா? நோடையும் போஸ்ட்கிரெஸையும் இணைக்கும் பிஜி லைப்ரரியின் பூல், சும்மா கிடக்கும் இணைப்பை இயல்பாக 10 விநாடியில் விட்டுவிடும். கூட்டம் இல்லாதபோது பழையது விடுபடுவதும் புதியது திறப்பதும் ஈடாகிவிடுகிறது. காலையில் 14 மண்டியும் டாஷ்போர்டைத் திறந்து, ஒரு திரைக்கு 7 கோரிக்கை போனால் 98 பூல், பூலுக்கு ஒரு இணைப்பு என்றாலும் 98. போஸ்ட்கிரெஸ் இயல்பாகக் கொடுப்பது 100, அதில் 3 நிர்வாகிக்கென்று ஒதுக்கியது. மிச்சம் 97. உங்கள் பிழை அங்கேதான் பிறக்கிறது. மேக்ஸ் கனெக்‌ஷனை 500 ஆக்குங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் முதலில் செய்ததையும் மண்டியில் வைத்தே பாருங்கள். தராசுக்குப் பக்கத்தில் ஒரே சிலேட்டு. மூட்டைக்காரர் பெயரை அதில் எழுதிவிட்டுக் கணக்குப்பிள்ளை ஈரப்பதம் பார்க்க உள்ளே போகிறார், அதுதான் அவெய்ட், அதாவது பதில் வரும்வரை காத்திருப்பது. அவர் திரும்பி வருவதற்குள் அடுத்தவர் பெயரை யாரோ எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பயந்து நீங்கள் செய்தது, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புது மண்டியையே கட்டிக்கொடுப்பது. மண்டி ஒன்றே போதும், வருகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் சரி.

அந்தச் சீட்டுதான் நோடில் இருக்கும் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ். நோட் 16.4 முதலே அது நிலையானது, தனி லைப்ரரி வேண்டாம், விரும்பினால் நெஸ்ட்ஜேஎஸ்-சிஎல்எஸ் எடுத்துக்கொள்ளலாம். ரன் என்று ஒரு பொருளைக் கொடுத்துத் தொடங்கினால், அதற்குள் எத்தனை அவெய்ட் நடந்தாலும் கெட்ஸ்டோர் அந்த ஓட்டத்துக்குரிய பொருளையே தரும். எல்லா சர்வீஸும் சிங்கிள்டனாக இருக்கட்டும். மண்டி எண் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் கெட்ஸ்டோர் கேளுங்கள். கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு மாறியில் வைத்துக்கொண்டால் மறுபடி சிலேட்டுதான்.

பூல்களை ஒரு சிங்கிள்டனில், மண்டி எண்ணுக்கு ஒரு பூல் என்று மேப்பில் வையுங்கள். திறப்பதற்கு முன் கடவுச்சொல்லையோ அமைப்பையோ அவெய்ட் செய்து எடுப்பதாக இருந்தால், மேப்பில் பூலை அல்ல, ப்ராமிஸை (பூல் பின்னால் வரும் என்கிற வாக்குறுதிப் பொருளை) வையுங்கள், இல்லையென்றால் ஒரே நேரத்தில் வரும் முதல் இரண்டு கோரிக்கையும் ஆளுக்கொரு பூல் திறந்துவிடும். பூலின் உச்சவரம்பு இயல்பாக 10. 14 மண்டிக்கு 140, அதுவும் நிரம்பும். 4 என்று குறைத்தால் 56, தாராளம்.

தென்காசி_சாரல்:

நெஸ்ட் 9-இல் வந்த ட்யூரபிள் ப்ரொவைடரையும் பார்க்கலாமே. கோரிக்கைக்கு ஒன்று என்று இல்லாமல் டெனன்டுக்கு (உங்களுக்கு மண்டிக்கு) ஒன்று என்று பொருளை உருவாக்கி வைத்துக்கொள்ளும். 14 மண்டிதானே, நினைவகம் ஒரு பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, 40 சர்வீஸ் இல்லை என்றால் மண்டி எண்ணை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆர்க்யுமென்டாகவே அனுப்புங்கள். எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரியும், மறந்தால் டைப்ஸ்கிரிப்டே கத்தும்.

பாளை_சமாதானபுரம்:

ட்யூரபிள் நல்ல வசதிதான், ஆனால் அதுவும் மேல்நோக்கி ஏறும், ஆகவே க்ரான் அப்படியே செத்துத்தான் கிடக்கும். ஆர்க்யுமென்ட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். காசு தொடும் ஃபங்ஷன்களில், அதாவது எடை, கழிவு, பட்டுவாடா இந்த மூன்றிலாவது மண்டி எண்ணை வெளிப்படையாகவே அனுப்பச் சொல்வேன்.

அம்பை_வடகரை:

அக்கா, மூன்றும் ஒன்று என்று இப்போதுதான் புரிகிறது. அந்த எச்சரிக்கை வரி லாகில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 40-க்கு மேல் சர்வீஸ் இருப்பதால் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ் பக்கமே போனேன். ரன்னை ஒரு குளோபல் இன்டர்செப்டரில் வைத்தேன். கன்ட்ரோலரில் மண்டி எண் வருகிறது, கார்டில் மட்டும் கெட்ஸ்டோர் அன்டிஃபைன்ட் தருகிறது. மறுபடி எங்கோ ஸ்கோப் தவறா?

பாளை_சமாதானபுரம்:

ஸ்கோப் இல்லை, வரிசை. முதலில் மிடில்வேர், அப்புறம் கார்ட், அதற்குப் பிறகுதான் இன்டர்செப்டர். உங்கள் கார்ட் ஓடும்போது சீட்டே இன்னும் எழுதப்படவில்லை. ரன்னை மிடில்வேருக்குக் கொண்டுபோய் நெக்ஸ்டை அதற்குள் கூப்பிடுங்கள். டோக்கனைப் படிப்பது கார்டில்தானே, அதனால் மிடில்வேரில் வெறும் பொருளை வைத்து ரன் செய்யுங்கள், கார்ட் அதே பொருளில் மண்டி எண்ணை நிரப்பட்டும். க்ரானில் 14 மண்டியையும் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி ரன் போட்டு அதை அவெய்ட் செய்யுங்கள்.

மண்டி எண் இல்லாமல் யாராவது கேட்டால் ஒரு இயல்பு மண்டியைக் கொடுத்துவிடாதீர்கள், அங்கேயே பிழை வீசுங்கள். சீட்டு இல்லாத மூட்டையைத் தராசில் ஏற்றக் கூடாது. சோதனையும் ஒன்று எழுதி வையுங்கள்: இரண்டு மண்டி, ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கை, முதலாவதன் நடுவில் வேண்டுமென்றே 200 மில்லிவிநாடி தாமதம். உங்கள் பழைய கோடில் அது தோற்க வேண்டும், தோற்றால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு.

அம்பை_வடகரை:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பழைய கோடை எடுத்து அந்தச் சோதனையை ஓட்டினேன், முதல் ஓட்டத்திலேயே தோற்றது, அந்த விவசாயியின் சீட்டில் நடந்தது அப்படியே திரையில் வந்தது. புதிய கோடில் அதே சோதனையை 1000 முறை சுற்றவிட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை. ஸ்கோப்.ரிக்வெஸ்ட் என்ற சொல்லே இப்போது கோடில் இல்லை. லாகினுக்கு அண்ணாச்சி சொன்ன வழியும் தேவைப்படவில்லை, ஸ்ட்ராடஜி மறுபடி சிங்கிள்டன் ஆனதும் தானாகச் சரியாகிவிட்டது. காலை நெருக்கடியிலும் இணைப்பு 40-ஐத் தாண்டவில்லை. நேற்று இரவு 9 மணிக்கு 14 மண்டிக்கும் சுருக்கம் போனது.

சீட்டு இல்லையென்றால் பிழை வீசுவதைப் போட்டதும் ஒரு இடம் மாட்டியது அக்கா. சர்வர் எழும்போது நெல் ரகப் பட்டியலை ஏற்றும் ஒரு சர்வீஸ், யாருக்கும் தெரியாமல் முதல் மண்டியின் டேட்டாபேஸிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. அம்பை 16-க்கு எல்லா மண்டியிலும் ஒரே குறியீடு என்பதால் இத்தனை நாள் அது வெளியே தெரியவே இல்லை. அதைப் பொதுவான டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டேன். கார் அறுவடைக்கு முன் பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு முறை மறுகணக்குப் போட்டு, குறைத்துக் கொடுத்தது வேறு யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.