கட்ச் ரண், ஜெய்சல்மேர்: நாங்கள் இரண்டு பேர் மட்டும் காரில் போக யோசனை வேண்டும்

கோபி_வெண்ணிலா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கோபி பக்கம். நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரர் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமாகி வருடம் திரும்பப் போகிறது, இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போகவில்லை. கல்யாணம் முடிந்த வாரமே எனக்கு ஷிப்மென்ட், அவருக்கு ஆர்டர் நெருக்கடி. வருகிற பொங்கலை ஒட்டித்தான் ஒன்றரை வாரம் கிடைக்கிறது.

ஊட்டி, மூணாறு, வால்பாறை என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தடப்பள்ளி வாய்க்கால் கரையில் பிறந்தவள் நான். நெல்லும் மஞ்சளும் வாழையும் பார்த்தே வளர்ந்தேன். பச்சையே இல்லாமல் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் வெளியாக இருக்கிற இடத்தில் அவரோடு போய் நிற்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அவருக்கு மணல்மேட்டில் ஜீப் ஓட்ட வேண்டும், ராத்திரி மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்க்க வேண்டும்.

எங்கள் திட்டம் இதுதான். கோபியிலிருந்து எங்கள் காரிலேயே பெங்களூரு, புனே, அகமதாபாத். அங்கிருந்து குஜராத்தின் கட்ச் பக்கத்து உப்புவெளிகளான சின்ன ரண், வெள்ளை ரண், பிறகு தோலாவிரா, பார்மேர், ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்கா, ஜோத்பூர். அதே வழியில் திரும்பி வருவது. ஒன்றரை வாரத்துக்குள் இது முடியுமா? ரண் திருவிழா கூடார நகரத்தில் தங்கலாமா, பணத்துக்கு ஏற்றதா? பாகிஸ்தான் எல்லைக்குப் பக்கம் என்று மாமியார் பயப்படுகிறார், அவருக்கு என்ன சொல்வது? போய் வந்தவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

---

சென்னிமலை_சாந்தி:

தங்கச்சி, முதலில் ஊட்டி வேண்டாமென்று சொன்னதற்கு என் வாழ்த்து. நாங்கள் போர்வைத் தறிக்காரர்கள். வியாபார விஷயமாகக் குஜராத் போய்ப் பழகித்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்த ஊர் பிடித்துப் போனது.

ஒன்றரை வாரத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் திட்டம் தாங்காது. சொந்தக் காரில் போனால் அகமதாபாத் சேரவே மூன்று பகல், திரும்பி வர மூன்று பகல். மிச்ச நாளில் கட்ச்சும் ஜெய்சல்மேரும் பார்க்க நினைத்தால் விடிந்தது முதல் இருட்டும்வரை ஸ்டீயரிங்தான். இடம் கூடக் கூட நீங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் குறையும், அதற்காகத்தானே போகிறீர்கள்? ரண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெய்சல்மேர் எங்கேயும் போய்விடாது.

அகமதாபாத் வரைக்கும் ரயில் போதும். வாரம் ஒருமுறை கோவையிலிருந்து ராஜ்கோட் எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது, திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஏறலாம். ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், ஆனால் அலுப்பு இல்லை. அகமதாபாத்தில் ஓட்டுநர் இல்லாமல் கார் வாடகைக்கு எடுங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டிதான் முறைப்படி வாடகைக்கு விடுவது. யாரோ ஒருவருடைய வெள்ளைப் பலகை வண்டியை வாங்கி ஓட்டினால் விபத்து ஆகும்போது இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

முதல் நிறுத்தம் சின்ன ரண். அகமதாபாத்திலிருந்து 100 கிலோமீட்டர் வாக்கில் தசாடா, ஜைனாபாத் கிராமங்கள். காட்டுக்கழுதைச் சரணாலயம் அங்கேதான், 4,954 சதுர கிலோமீட்டர். 2024 கணக்கெடுப்பில் 7,600-க்கு மேல் கழுதைகள் இருந்தன. கழுதைதானே என்று நினைக்காதீர்கள். வெள்ளையும் செம்மண் நிறமுமாக, நல்ல குதிரைக்குரிய நடை. ஜீப் ஒலி கேட்டதும் கூட்டமாக ஓடும்போது கானல்நீரில் கால்கள் மறைந்து உடம்பு மட்டும் மிதந்து போகும். உள்ளே உங்கள் காரில் போகாதீர்கள், உள்ளூர் ஜீப்பும் வனத்துறை அனுமதியும் தங்குமிடத்திலேயே ஏற்பாடு செய்வார்கள். அகரியா குடும்பங்கள் உப்பு விளைவிக்கிற பாத்திகளுக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு வந்து, நிலத்தடி உப்புநீரை இறைத்து, பாத்தி கட்டி, மரப்பலகையால் கிளறிக் கிளறி எடுக்கிற உப்பு அது. பிள்ளைகுட்டியோடு மாதக்கணக்கில் அந்த வெயிலில் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் கட்ச் மாவட்டத் தலைநகர் புஜ். அங்கே அஜ்ரக்பூருக்குக் கட்டாயம் போங்கள். 2001 பூகம்பத்துக்குப் பிறகு பழைய ஊர் தமட்காவில் தண்ணீரின் தன்மை மாறிவிட்டதால் அச்சுத்துணிக்காரர்கள் புதிதாகக் கட்டிய ஊர். அவுரி, மஞ்சிட்டி என்று இயற்கைச் சாயம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மர அச்சு, நடுநடுவே அலசல். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் நொய்யலை என்ன செய்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அஜ்ரக்பூர்த் தொட்டியடியில் நின்றபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. தொழில் உங்களுக்கும் துணிதானே, புரியும்.

வெள்ளை ரண் புஜ்ஜிலிருந்து 80 கிலோமீட்டர், தோர்டோ கிராமம். அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனிலும் வாங்கலாம், வழியில் பிரண்டியாரா சோதனைச் சாவடியிலும் வாங்கலாம். இருவர் ஆதாரும் கையில் இருக்கட்டும். கூடார நகரம் வசதியானது, ஆனால் பாட்டும் ஆட்டமும் கூட்டமும். உங்கள் இருவருக்கு ஹோட்கா போன்ற கிராமத்தில் வட்டமான மண் வீட்டில் தங்குவதுதான் சரி. அந்த வட்டச் சுவர் வீடுகள்தான் பூகம்பத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்தவை. உள்சுவரில் களிமண் பூசிச் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்திருப்பார்கள். ஒரு விளக்கு போதும், அறை முழுக்க மினுங்கும். ராத்திரிக்குக் கம்பு ரொட்டி, வெல்லம், நெய், மோர். நம் ஊர்க் கம்பு தின்று வளர்ந்தவர்களுக்குப் பிடிக்காமல் போகாது.

உப்பின் மேல் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பு வெடித்து வெடித்துக் கட்டம் கட்டமாக விளிம்பு தூக்கி நிற்கும். கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஓரமாக நூறு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், கொஞ்ச தூரம் உள்ளே நடந்துவிட்டால் ஒரு ஆள் இருக்க மாட்டான். அங்கே போய்ப் பேசாமல் நில்லுங்கள். காற்றும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர் மூச்சு விடுவது கேட்கும்.

நிலவு வேண்டுமா, நட்சத்திரம் வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இரண்டும் ஒரே ராத்திரியில் கிடைக்காது. தைப்பூசத்துக்கு நம் ஜனம் பழனிக்கு நடந்துகொண்டிருக்கும்போது அங்கே ரண் முழுக்க நிலா வெளிச்சம். அழகு அழகுதான், ஆனால் அறை வாடகை ஏறிவிடும், முன்கூட்டிப் பதியாவிட்டால் கிடைக்காது. உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டியது அமாவாசையை ஒட்டிய நாள். காலண்டரைப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் பதியுங்கள்.

கடைசியில் தோலாவிரா. காவ்டாவிலிருந்து ரண்ணின் நடுவே நேராக ஒரு சாலை போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் வெள்ளை. பத்து மணிக்கு மேல் வண்டிக் கூட்டம், விடியும்போதே கிளம்புங்கள். ஜனவரியில் அங்கே ஏழரை மணி வாக்கில்தான் சூரியன் வரும், நம் ஊர்க் கணக்கு வேண்டாம். தோலாவிரா சிந்துவெளி நகரம், 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற இரண்டு ஓடைகளை மறித்து ஊரைச் சுற்றித் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். ஒரு தொட்டி மட்டுமே 73 மீட்டர் நீளம். வாய்க்கால் கரைப் பிள்ளை நீங்கள், கொடிவேரியையும் காலிங்கராயனையும் பார்த்த கண்ணோடு அந்தப் படிகளில் இறங்கிப் பாருங்கள். அங்கே தங்க இடம் குறைவு. ஆனால் ராத்திரி வானம் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்தச் சுற்றில் இல்லை.

மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஜனம் குடும்பம் குடும்பமாக வருகிற இடம், வழியெல்லாம் சோதனைச் சாவடியும் ராணுவமும் உண்டு. டிரோன் மட்டும் எடுத்துப் போக வேண்டாம்.

---

சூலூர்_பறவை:

சாந்தி அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. தார் பாலைவனத்தை விட்டுவிடுங்கள் என்று லேசாகச் சொல்லிவிட்டார். விட்டால் ஒரு பெரிய விஷயத்தை விடுகிறீர்கள்.

ஜெய்சல்மேர் பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் உயிரோடு மிஞ்சியிருக்கிற கடைசிப் பெரிய இடம் அதுதான். நாடு முழுக்கச் சேர்த்தாலும் 150 கூடத் தேறாது. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை வரும், பெட்டை வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் முன்னால் இருக்கும் மின்கம்பி அதற்குச் சரியாகத் தெரியாது. கனமான உடம்பு, சட்டென்று திரும்பவும் முடியாது, மோதிச் செத்துப்போகிறது. பல்லடம், உடுமலை வழியாகப் போகும்போதெல்லாம் காற்றாலைகளைப் பெருமையாகப் பார்த்தவன் நான். ஜெய்சல்மேரில் அதே காற்றாலை, அதே கம்பி. இந்தப் பறவையை நினைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் இது.

போவதாக இருந்தால் ஜெய்சல்மேரில் வனத்துறை அனுமதி வாங்கி, சுதாசரி பக்கம் அதிகாலையில் போங்கள். ஓட்டுநரிடம் தடத்தை விட்டு இறங்கச் சொல்லாதீர்கள், பறவை தெரிந்தாலும் கிட்டே போகச் சொல்லாதீர்கள். சம் மணல்மேட்டில் கூட்டம் ரொம்ப, கூரி கிராமம் அமைதி. ஒட்டகத்தில் போய் மணலிலேயே படுத்து வரலாம்.

இன்னொன்று. அங்கே வெட்டவெளியில் தனித்தனியாக நிற்கிற மரம் கேஜ்ரி. நம் கொடுமுடிக் கோயில் வன்னிதான் அது. பங்குனியில் பழனிக்குத் தீர்த்தம் எடுக்கிறவர்கள் குடத்தில் போடுகிற அதே இலை. ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் 1730-இல் இந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள். ஜோத்பூர் வழியாகத் திரும்பினால் அங்கே இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

---

சங்ககிரி_லோடு:

மோர்பியிலிருந்து டைல்ஸ் ஏற்றி வருகிற தொழில் நமக்கு. ரோட்டு விஷயம் மட்டும் சொல்கிறேன் அம்மிணி.

சூரஜ்பாரி பாலம் தாண்டிக் கட்ச் போகிற ரோட்டில் கண்டெய்னரும் உப்பு லாரியும் ராப்பகலாக ஓடும். லாரிக்குப் பின்னால் ஒட்டி ஓட்டக்கூடாது. இருட்டின பிறகு எந்த ரோட்டிலும் வண்டி எடுக்காதீர்கள். எருமை, ஒட்டகம், விளக்கில்லாத டிராக்டர் எல்லாம் ரோட்டில்தான் இருக்கும். டீசலோ பெட்ரோலோ புஜ்ஜில் முழுசாக நிரப்புங்கள், பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தோலாவிரா பக்கம் போனில் டவர் கிடைக்காத இடம் உண்டு, மேப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தார் ரோட்டை விட்டு உப்பின் மேல் காரை இறக்கவே கூடாது. மேலே காய்ந்து கல் மாதிரி தெரியும், கீழே கறுப்புச் சேறு. ஆக்ஸில் வரை இறங்கிவிட்டால் டிராக்டர் கிடைக்க ஒரு பகல் போகும். பட்டறைக்காரர் மணலில் ஓட்ட ஆசைப்படுகிறார், நியாயம்தான், ஆனால் உள்ளூர் ஜீப்பில் உள்ளூர் ஆள் பக்கத்தில் உட்கார ஓட்டட்டும். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும். குஜராத்தில் மதுவிலக்கு, வண்டியில் பாட்டில் எதுவும் இருக்கக்கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள்.

---

கோபி_வெண்ணிலா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். இந்தத் தடவை கட்ச் மட்டும். கானமயிலுக்காக அடுத்த வருடம் ஜெய்சல்மேர் தனியாகப் போவதென்று அவரே சொல்லிவிட்டார். அமாவாசையை ஒட்டிய நாள்தான், நிலாவை ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். சின்ன ரண், ஹோட்கா, தோலாவிரா மூன்றிலும் இரண்டிரண்டு ராத்திரி, புஜ்ஜில் ஒரு ராத்திரி. சாந்தி அக்கா, எடுத்துப் போக வேண்டியது என்ன?

---

சென்னிமலை_சாந்தி:

சரியான முடிவு கண்ணு. குளிர்தான் முக்கியம். பகலில் அரைக்கைச் சட்டை போதும், ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஆளுக்கொரு கனத்த போர்வை, காது மூடுகிற மாதிரி மப்ளர், காலுறை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உப்பில் பகலில் நிற்க முடியாது, கண் கூசும். பழைய செருப்பு ஒன்று தனியாக வையுங்கள், உப்பு பட்டால் தோல் செருப்பு வெடித்துவிடும். சிவப்பு வெளிச்ச டார்ச் இருந்தால் நட்சத்திரம் பார்க்கும்போது கண் பழகியது கலையாது. ரயிலுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், பருப்புப் பொடியும் ஒரு டப்பா.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், பொங்கல் சமயத்தில் அன்றைக்கே தீர்ந்துவிடும். திரும்பும் நாள் அந்த வாராந்திர ரயிலுக்கு ஒத்துவராவிட்டால் அகமதாபாத்திலிருந்து விமானம் பாருங்கள். தோலாவிராவில் அறையை ரயிலுக்கும் முன்னால் போன் பண்ணிச் சொல்லி வைத்துவிடுங்கள்.