டேவிட் போவி: மேடைப் பெயர்கள் எத்தனை? நடிக்க இருந்ததாகச் சொல்லும் படங்களில் எது உண்மை?

பெரம்பூர் பேஸ்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம்தான் ‘தி பிரெஸ்டீஜ்’ படம் பார்த்தேன். அதில் நிகோலா டெஸ்லா மின்சாரப் பொறிகளுக்கு நடுவே அமைதியாக நடந்து வருவாரே, அந்தக் காட்சியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ பெரிய நாடக நடிகர் என்று நினைத்தேன். கடைசியில் பெயர் ஓடும்போது பார்த்தால் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி! நான் தினமும் பேஸ் கிடாரில் பழகும் பாட்டுகளில் இரண்டு அவருடையவை. மனிதரின் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதிலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறேன், குழப்பம்தான் கூடுகிறது. டேவிட் ஜோன்ஸ், ஜிக்கி ஸ்டார்டஸ்ட், அலாடின் சேன், தின் ஒயிட் ட்யூக் என்று ஒரே ஆளுக்கு இத்தனை பெயர். இதெல்லாம் புனைபெயர்களா, பாட்டில் வரும் பாத்திரங்களா? சட்டப்படி எந்தப் பெயர்? அப்புறம், ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனாக நடிக்க இருந்தார், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தின் மந்திரவாதி கண்டால்ஃப் வேடத்துக்குப் போனார், புதிய ‘பிளேட் ரன்னர்’ படத்திலும் இருந்திருக்க வேண்டியவர் என்று எங்கள் டிரம்மர் அடித்துச் சொல்கிறான். இதில் எது நிஜம், எது கதை?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரி கல்ச்சுரல்ஸில் எங்கள் பேண்ட் வாசிக்கப்போகிறது. போஸ்டரில் எல்லோரும் மேடைப் பெயர்தான் போட வேண்டும் என்கிறான் பாடகன். எனக்கு மனசு ஒப்பவில்லை. போவி ஏன் இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் யோசிக்க வசதியாக இருக்கும்.

கோடம்பாக்கம் ரீல்

பெயர் விஷயம் எளிது. ‘தி மங்கீஸ்’ என்ற அமெரிக்கப் பாப் குழுவில் டேவி ஜோன்ஸ் என்று ஒருவர் புகழோடு இருந்தார். குழப்பம் வரக்கூடாது என்று இவர் போவி ஆனார். நம் ஊரிலும் இதே கதைதான். சிவாஜி ராவ் சினிமாவுக்கு வந்தபோது சிவாஜி என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு மலை நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் பாலசந்தர் அவருக்கு ரஜினிகாந்த் என்று பெயர் வைத்தார்.

அயனாவரம் கேசட்

தம்பி, இந்தக் கேள்விக்கு ஆசையாகவே பதில் எழுதுகிறேன். தொண்ணூறுகளில் அயனாவரத்தில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இளையராஜா. ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் வெற்று டிடிகே கேசட்டோடு வந்து போவியைக் கேட்பார், ரெக்கார்டும் அவரே கொண்டுவருவார். பதிவு முடிந்ததும் யாரும் மேலே அழித்துப் பதியாதபடி கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டு, அட்டையில் ஏ சைடு, பி சைடு என்று பட்டியல் எழுதுவேன். பாடகர் பெயர் என்ன போடுவது என்று கேட்டபோது அவர் சொன்னார்: “எல்லாத்துக்கும் போவின்னே எழுதுங்க. ஜிக்கி பாட்டுக்குள்ள இருக்கிற ஆளு.” உங்கள் முதல் கேள்விக்கு அதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது.

அவர் 1947 ஜனவரி 8-ஆம் தேதி லண்டன் பிரிக்ஸ்டனில் பிறந்தார். பெயர் டேவிட் ராபர்ட் ஜோன்ஸ். 1964-இல் வந்த முதல் இசைத்தட்டில் ‘டேவி ஜோன்ஸ், கிங் பீஸ்’ என்று இருக்கும். கோடம்பாக்கம் நண்பர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். இவர் போவி என்று மாற்றிக்கொண்டது 1965-இல். மங்கீஸ் தொலைக்காட்சிக்கு வந்தது 1966-இல். அந்த இன்னொரு டேவி ஜோன்ஸ் அதற்கு முன்பே பிராட்வேயில் ‘ஆலிவர்!’ நாடகத்தில் பேர் வாங்கியவர். பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வந்த அதே இரவில் அவரும் அந்த மேடையில் பாடினார். ஆகவே குழப்பம் நிஜம்தான், ஆனால் அது மங்கீஸால் வந்ததல்ல. போவி என்ற பெயரை அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த அலாமோ கோட்டைச் சண்டையில் இறந்த ஜிம் போவியிடமிருந்து எடுத்தார். போவி கத்தி என்று ஒன்று உண்டே, அந்த போவி.

சட்டப்படி அவர் பெயரை மாற்றவே இல்லை. கடைசி உயில் வரைக்கும் டேவிட் ராபர்ட் ஜோன்ஸ்தான். ‘மூன்’ படத்தை இயக்கிய டங்கன் ஜோன்ஸ் இவருடைய மகன், அவர் பெயரிலும் ஜோன்ஸ்தான் இருக்கிறது. ஆக, போவி என்பது மட்டும்தான் நிஜமான மேடைப் பெயர். மற்றவை எல்லாம் வேடங்கள்.

வேடங்களில் பெரியது ஜிக்கி, 1972. அந்தப் பெயரின் முன்பாதி, ரயிலில் போகும்போது பார்த்த ஒரு தையல்கடையின் பெயர் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்பாதி ‘லெஜண்டரி ஸ்டார்டஸ்ட் கவ்பாய்’ என்ற அமெரிக்கப் பாடகரிடமிருந்து வந்தது. சிவப்பு முடி, ஜப்பானிய வடிவமைப்பாளர் கன்சாய் யமமோட்டோவின் உடைகள் என்று ஊரே பைத்தியமாக இருந்த நேரத்தில், 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் மேடையில் ‘நாங்கள் செய்யும் கடைசி நிகழ்ச்சி இதுதான்’ என்று அறிவித்துவிட்டார். பேஸ் வாசித்த ட்ரெவர் போல்டருக்கும் டிரம்ஸ் வாசித்த வுடி வுட்மன்ஸிக்கும் அந்த நிமிஷம் வரை விஷயம் தெரியாது. நீங்களும் பேஸ் வாசிக்கிறவர் என்பதால் சொல்கிறேன். தோளில் கிடாரோடு நின்றுகொண்டு, நம் வேலை போய்விட்டது என்பதை ரசிகர்களோடு சேர்ந்து தெரிந்துகொள்வது எப்படி இருந்திருக்கும்! அவரை எவ்வளவு நேசித்தாலும் இந்த ஒன்றை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடிவதில்லை.

அலாடின் சேன் 1973-இல், கிட்டத்தட்ட ஜிக்கியின் அமெரிக்கப் பயண வடிவம். முகத்தில் மின்னல் கோடு போட்ட அந்தப் படம் அதன் அட்டைதான். 1974-இல் ஹாலோவீன் ஜாக், கண்ணில் ஒரு பக்கம் கறுப்புத் துணி. அதிக நாள் நிற்கவில்லை.

தின் ஒயிட் ட்யூக்கிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், உங்கள் இரண்டு கேள்விகளும் இங்கேதான் ஒன்றாகின்றன. 1975-இல் அவர் நியூ மெக்சிகோவில் ‘தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்’ படத்தில் நடித்தார். இயக்குநர் நிக்கோலஸ் ரோக். தண்ணீர் தேடிப் பூமிக்கு வரும் வேற்றுக்கிரகவாசி வேடம். படம் முடிந்தது, வேடம் அவரை விடவில்லை. அந்தத் தலைமுடி, அந்த மெலிவு, யாரோடும் ஒட்டாத அந்தப் பார்வை எல்லாம் அப்படியே 1976-இன் ட்யூக்காக மேடைக்கு வந்தன, வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெய்ஸ்ட்கோட்டும் போட்டுக்கொண்டு. ‘ஸ்டேஷன் டு ஸ்டேஷன்’, ‘லோ’ இரண்டு ஆல்பங்களின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். இரண்டுமே அந்தப் படத்திலிருந்து வந்தவை. போதைமருந்தில் உடம்பு உருகிக்கொண்டிருந்த காலம் அது. ‘ஸ்டேஷன் டு ஸ்டேஷன்’ ஆல்பத்தைப் பதிவு செய்ததே சரியாக நினைவில்லை என்று பின்னாளில் சொன்னார். அதனால்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பெர்லினுக்குப் போனார்.

நம்ம ஊர் கணேசன், அண்ணா எழுதிய நாடகத்தில் சிவாஜியாக நடித்தார். பெரியார் வாயால் அந்த வேடமே பெயராகி, கடைசி வரை கூடவே இருந்தது. போவி வேடங்களை அப்படித் தங்க விடவில்லை. ஒவ்வொன்றையும் அதன் காலம் முடிந்ததும் இறக்கிவைத்தார். ட்யூக்கை இறக்கிவைக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டார்.

வதந்திகளுக்கு ராத்திரி வந்து எழுதுகிறேன், பேத்தியை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும்.

மந்தைவெளி மேடை

கேசட் சார் வருவதற்குள் நாடகப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். போவி நடிப்பை சினிமாவில் கற்றுக்கொள்ளவில்லை தம்பி. 1967-இலேயே லிண்ட்சே கெம்ப் என்பவரிடம் மைம், அதாவது பேசாமல் உடம்பால் நடிக்கும் கலை, பயின்றார், அவர் குழுவோடு மேடையிலும் ஏறினார்.

1980-இல் பிராட்வேயில் ‘தி எலிஃபன்ட் மேன்’ நாடகத்தில் அவர்தான் மெரிக். உடல் முழுக்க உருக்குலைந்த, நிஜமாகவே வாழ்ந்த ஒரு மனிதரின் வேடம். ஆனால் ஒப்பனை கிடையாது, நாடகமே அப்படித்தான் நடிக்க வேண்டும். ஒரு தோளை இறக்கி, இடுப்பை முறுக்கி, வாயை ஒரு பக்கம் கோணி, சொற்களைத் திணறித் திணறி வெளியே தள்ளியே பார்வையாளரை நம்ப வைக்க வேண்டும். கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் அப்படி நின்று பாருங்கள், முதுகு என்ன சொல்கிறது என்று தெரியும். வாரத்துக்குப் பல காட்சிகள் அப்படி நின்றிருக்கிறார். மேடையேறும் முன் லண்டன் மருத்துவமனைக்குப் போய், மெரிக்கின் உடலிலிருந்து எடுத்த வார்ப்புகளையும் அவர் கையால் செய்த அட்டைத் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜப்பானிய இயக்குநர் நாகிசா ஓஷிமா ‘மெரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்’ படத்துக்கு அவரைக் கூப்பிட்டார், 1983. அதில் சிறைக்குள் தண்டனைக்காகக் காத்திருக்கும்போது, இல்லாத கத்தியால் முகம் மழித்து, இல்லாத தேநீரைக் குடிப்பார். லிண்ட்சே கெம்பிடம் கற்ற பாடம் முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

தெருக்கூத்து பார்த்திருந்தால் இதெல்லாம் உங்களுக்கு அந்நியமாகவே இருக்காது. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, தான் யார் என்று பாடிவிட்டுத்தான் ராஜா வேஷம் வெளியே வரும். ஜிக்கியும் தன் கதையைத் தானே பாடிக்கொண்டு வந்தவர்தான்.

அயனாவரம் கேசட்

அருமையாகச் சொன்னீர்கள் மேடம். அந்தச் சிறைக் காட்சிக்கு நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

இப்போது வதந்திகள். பாண்ட் விஷயம் நிஜம். 1985-இல் வந்த ‘எ வியூ டு எ கில்’ படத்தின் வில்லன் மேக்ஸ் சோரின் வேடம் இவருக்கு வந்தது. வேண்டாம் என்றார். மாதக்கணக்கில் உட்கார்ந்து, தனக்குப் பதிலாக டூப் மலையிலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமில்லை என்பது அவர் சொன்ன காரணம். கிறிஸ்டோபர் வாக்கன் நடித்தார். மறுத்தது நல்லதே என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அவர் ‘லாபிரிந்த்’ படத்தில் பூத ராஜாவாக நடித்தார். குழந்தைகளாக அதைப் பார்த்தவர்கள் இன்றும் அவரை அந்த வேடத்தில்தான் நினைக்கிறார்கள்.

கண்டால்ஃப் பாதி நிஜம். படத்தில் மெரியாக நடித்த டொமினிக் மோனகன், தான் தேர்வுக்குக் காத்திருந்த இடத்தில் போவி உள்ளே வந்ததாகச் சொல்லியிருக்கிறார், அந்த வேடத்துக்குத்தான் வந்திருப்பார் என்பது அவர் ஊகம். நடிகர் தேர்வில் வேலை பார்த்த ஏமி ஹப்பர்ட், போவியை அணுகியது உண்மை, அவருக்குத்தான் நேரமில்லை என்றார். இதற்கு மேல் உங்கள் டிரம்மர் சொல்வதெல்லாம் அவர் சேர்த்த மசாலா.

‘பிளேட் ரன்னர் 2049’ நிஜம், கேட்கவே மனசு கனக்கும். நியாண்டர் வாலஸ் வேடத்துக்கு முதலில் நினைத்தது போவியைத்தான் என்று இயக்குநர் டெனி வில்னவ் சொன்னார். 2016 ஜனவரி 8-ஆம் தேதி, அறுபத்தொன்பதாவது பிறந்தநாளில், ‘பிளாக்ஸ்டார்’ ஆல்பம் வெளியானது. ஜனவரி 10-இல் அவர் இறந்துவிட்டார். படப்பிடிப்பு தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த வேடம் ஜாரெட் லெட்டோவுக்குப் போனது.

நீங்கள் பார்த்த டெஸ்லாவுக்கும் ஒரு கதை உண்டு. முதலில் மறுத்துவிட்டார். கிறிஸ்டோபர் நோலன் விடாமல் நியூயார்க்குக்கே போய் நேரில் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒரு நடிகரிடம் முடிவை மாற்றச் சொல்லிக் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான் என்று நோலனே எழுதியிருக்கிறார்.

வதந்தி இல்லாத ஒன்று சொல்கிறேன். 1996-இல் ‘பாஸ்கியா’ படத்தில் அவர் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலாக நடித்தார். தலையில் இருந்தது வார்ஹோலின் சொந்த விக். பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்திலிருந்து வாங்கி வந்தது. 1971-இல் வார்ஹோலைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, நியூயார்க் போய் அவரிடமே போட்டுக் காட்டியிருக்கிறார். வார்ஹோலுக்குப் பாட்டு பிடிக்கவில்லை, போவியின் மஞ்சள் ஷூ பிடித்துப்போனது. இருபத்தைந்து வருஷம் கழித்து அதே மனிதரின் முடியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு கேமரா முன்னால் நிற்கிறார். எனக்கு அவர் நடித்ததிலேயே பிடித்தது அதுதான்.

பெரம்பூர் பேஸ்

கேசட் அண்ணா, மேடம், இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவே இல்லை. ரொம்ப நன்றி. ட்ரெவர் போல்டர் விஷயத்தை பேண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், பாடகன் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சம். இரண்டு கண்ணும் இரண்டு நிறம் என்கிறார்களே, மேடைக்காக லென்ஸ் போட்டாரா?

அயனாவரம் கேசட்

லென்ஸும் இல்லை, இரண்டு நிறமும் இல்லை தம்பி. பள்ளியில் படிக்கும்போது ஒரு பெண் விஷயமாக நண்பன் ஜார்ஜ் அண்டர்வுட்டோடு சண்டை. அவர் விட்ட குத்தில் இடது கண்ணின் பாப்பா விரிந்து, பிறகு சுருங்கவே இல்லை. அதனால் அந்தக் கண் கறுப்பாகத் தெரியும். நட்பு மட்டும் உடையவில்லை. அந்த அண்டர்வுட் பின்னாளில் ஓவியரானார். அவருடைய ஸ்டூடியோ கூட்டாளி டெர்ரி பாஸ்டர்தான் ‘ஹங்கி டோரி’, ஜிக்கி ஆல்பங்களின் அட்டைக்கு வண்ணம் தீட்டினார். இரண்டுமே கறுப்பு வெள்ளையில் எடுத்த புகைப்படங்கள்.

போஸ்டருக்கு என் யோசனை: வேறு பெயர் வேண்டுமென்றால் அதற்கு ஒரு ஆளையும் ஒரு கதையையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லையென்றால் வீட்டில் வைத்த பெயரே போதும். நிகழ்ச்சி என்றைக்கு, வெளியாட்களை உள்ளே விடுவார்களா?