குளிர்காலத்திலும் உண்ணி மருந்து தேவையா?

குளிர் வந்ததும் நாய்க்கு மருந்தை நிறுத்திவிட்டேன், நேற்று பார்த்தால் காதுமடலுக்குள் மிளகு அளவில் ஒரு உண்ணி. வருடம் முழுக்கக் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில் 1: ஆமாம், நிறுத்தாதீர்கள். உண்ணி மட்டுமல்ல, நாயின் ரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதே; அது கூட்டுப்புழுவாகத் தன் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும், வீட்டுக்குள் கதகதப்பு இருந்தால் அதற்குக் குளிர்காலமே கிடையாது. தெள்ளின் முட்டைகள் நாயின் மேலிருந்து உதிர்ந்து படுக்கையில்தான் கிடக்கும், அதனால் அதை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்துவிடுங்கள்.

பதில் 2: சீப்பால் வாரும்போது விழும் கருப்புத் துகளை ஈரத்தாளில் வையுங்கள், செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம். அப்புறம், உண்ணியை நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

பதில் 3: வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்!

கேட்டவர்: பூனையும் இருக்கிறது. சரி, நாளைக்கே மருத்துவரிடம் போகிறேன்.