3டி ஸ்டூடியோ டாஸ் வெளியீடு 4: கண்ணாடிக் கோளம் கண்ணாடி மாதிரி வரவில்லை, உதவி தேவை

தறிநூல்:
வணக்கம் நண்பர்களே. 1990களில் பிசியில் ஓடிய 3டி மென்பொருள்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன். எல்லாவற்றிலும் ஒரே காட்சி: கட்டம் போட்ட தரை, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கோளம், ஒரு விளக்கு. காட்சியை எழுத்தில் விவரித்தால் படமாக்கித் தரும் போவ்-ரே 2.2-இல் அருமையாக வந்தது. கோளத்துக்குள் தரை தலைகீழாக வளைந்து தெரிகிறது. டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் நிரல்) ஓட்டும் 3டி ஸ்டூடியோவிலோ கோளம் சோப்புக் குமிழி மாதிரி இருக்கிறது. பின்னாலுள்ள கட்டங்கள் துளியும் வளையவில்லை. விளிம்பும் கோணல்கோணலாகத் தெரிகிறது. ட்ரான்ஸ்பரன்சி (ஒளி ஊடுருவல்), ஷைனினெஸ் (பளபளப்பு) எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். டாஸ்பாக்ஸ் கணக்கில் தப்பு செய்கிறதா?

கோணமானி:
டாஸ்பாக்ஸ் மேல் குற்றமில்லை. நீங்கள் கேட்பதை 3டி ஸ்டூடியோவின் ரெண்டரர் (காட்சியைப் படமாக்கும் பகுதி) செய்யவே செய்யாது. 3டி ஸ்டூடியோ டாஸ் ஒரு ஸ்கேன்லைன் ரெண்டரர். எந்தப் பரப்பு முன்னால் நிற்கிறது என்று பார்த்து நிறம் போடும். ஒளிக்கதிர் கண்ணாடிக்குள் புகுந்து திரும்புவதை அது பின்தொடர்வதில்லை. போவ்-ரே கதிர் கதிராகத்தான் போகிறது (இதுதான் ரே ட்ரேசிங்), அதனால்தான் ஐ.ஓ.ஆர். (ஒளிவிலகல் எண்) 1.5 என்றதும் தரை வளைந்தது.

விளிம்புக்குக் காரணம் வேறு. போவ்-ரேயில் கோளம் என்பது ஒரு சமன்பாடு, எவ்வளவு நெருங்கினாலும் வட்டம் வட்டம்தான். 3டி ஸ்டூடியோவில் அது முக்கோணங்களின் வலை. கோளத்தை உருவாக்கும்போதே வேல்யூஸ் என்ற அமைப்பில் பிரிவுகளைக் கூட்டுங்கள்.

கண்ணாடித் தோற்றத்துக்கு F5 அழுத்தி மெட்டீரியல்ஸ் எடிட்டருக்குப் போங்கள். ட்ரான்ஸ்பரன்சி ஃபால்ஆஃபைக் கூட்டினால் நடுப்பகுதி தெளிந்து ஓரம் அடர்த்தியாகும். ரிஃப்ளெக்ஷன் மேப்பைத் (பிரதிபலிப்பாக ஒட்டும் படம்) தானியங்கியாக வையுங்கள். கோளத்தின் மையத்திலிருந்து ஆறு பக்கமும் படம் எடுத்து அதன்மேலேயே ஒட்டிவிடும். அந்தக் காலத்துக் கலைஞர்கள் 486 கணினிகளில் இப்படித்தான் வேலையை முடித்தார்கள். எனக்கு இன்றும் வியப்பு தரும் உத்தி இது.

தறிநூல்:
மிக்க நன்றி அண்ணா. ஃபால்ஆஃப் போட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. அப்படியானால் போவ்-ரேதான் மேல் என்று எழுதிவிடலாமா?

மெழுகுபொம்மை:
தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்! நீங்கள் வைத்த தேர்வே ரே ட்ரேசிங்குக்குப் பிடித்த தேர்வு. அதே கோளத்தை உருட்டிப் பாருங்கள். 3டி ஸ்டூடியோவில் F4 அழுத்தினால் கீஃபிரேமர், அதாவது அசைவு அமைக்கும் பகுதி. 0-ஆம் ஃபிரேமில் ஒரு இடம், 30-இல் இன்னொரு இடம், நடுவிலுள்ளதை அதுவே நிரப்பி எஃப்.எல்.சி. அசைபடக் கோப்பாகக் கொடுத்துவிடும். போவ்-ரே 2.2-இல் கண்ணால் பார்த்து நகர்த்த வழியே இல்லை. காட்சியை எழுத்தில் எழுதி, கிளாக் (நேரத்தைக் குறிக்கும் எண்) மதிப்பை மாற்றி மாற்றி பேட்ச் கோப்பால் (டாஸ் கட்டளைகளின் பட்டியல்) ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டி, வந்த டார்கா வடிவப் படங்களை டி.டி.ஏ. மாதிரி இன்னொரு நிரலால் கோக்க வேண்டும். 1990-இல் ஆட்டோடெஸ்க் வெளியிட்ட 3டி ஸ்டூடியோ முதல் பதிப்பிலேயே கீஃபிரேமர் இருந்தது. அது அசைவுக்காகப் பிறந்த மென்பொருள்; போவ்-ரே ஒற்றைப் படத்துக்காக.

இரண்டுக்கும் நடுவில் லைட்வேவ் என்ற 3டி மென்பொருள் இருக்கிறது. அமிகா கணினியின் வீடியோ டோஸ்டர் என்ற வீடியோ கருவியோடு வந்து, 1990களின் நடுவில் பிசிக்கு மாறியது. நிழல், பிரதிபலிப்பு, ஒளிவிலகல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ட்ரேஸ் செய்யச் சொல்லலாம். தேவையானதற்கு மட்டும் நேரம் செலவழியும். ஆனால் உருவம் செய்ய மாடலர், அசைவுக்கு லேஅவுட் என்று இரண்டு தனி நிரல்கள்; அதற்குப் பழக வேண்டும்.

தறிநூல்:
புரிந்தது. கோளம், அசைவு இரண்டையும் வைக்கிறேன். கடைசியாக ஒன்று: 3டி ஸ்டூடியோவில் செய்த உருவத்தையே போவ்-ரேக்குக் கொண்டுபோக முடியுமா?

கோணமானி:
3டிஎஸ்2போவ் என்ற பழைய டாஸ் நிரல் இருக்கிறது. .3டிஎஸ் கோப்பைக் கொடுத்தால் முக்கோணங்களை போவ் மொழியில் எழுதித் தரும். 3டி ஸ்டூடியோவின் ஷேப்பர் (2டி கோடு வரையும் பகுதி), லாஃப்டர் (அதை 3டியாக நீட்டும் பகுதி) வடிவங்கள் .3டிஎஸ்ஸில் வராது, அவற்றுக்கு .பிஆர்ஜே கோப்பையும் சேமித்து வையுங்கள். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் புதிய போவ் எடுத்துக்காட்டுகளில் ஐ.ஓ.ஆர். இன்டீரியர் பகுதிக்குள் இருக்கும். அது 3.1-இல் வந்த மாற்றம். 2.2-இல் ஃபினிஷ் (பரப்பின் தன்மையைச் சொல்லும் பகுதி) உள்ளே எழுதினால்தான் ஓடும்.