சுவீடன் போதகர் சிறைக்குப் போனாரா?

புளியந்தீவு அருள்:
இலங்கையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் நீக்கப்பட்டால் ஒருபாலுறவு பாவம் என்று பிரசங்கிக்கும் போதகர்களும் குருக்களும் சிறைக்குப் போவார்கள் என்றும், சுவீடனில் ஓக்கே கிரீன் என்ற போதகர் அப்படித்தான் சிறைக்குப் போனார் என்றும் கல்லடி சாலமோன் அண்ணன் நேற்று எழுதியதைப் பலர் பாராட்டியிருப்பதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் சிறைக்குப் போகவில்லை. போர்க்ஹோல்ம் நகரில் 2003 இல் அவர் ஆற்றிய பிரசங்கத்துக்காக 2004 இல் கீழ் நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2005 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 29 ஆம் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றமும் விடுதலையை உறுதிப்படுத்தியது.

நான் மறைக்கல்வி ஆசிரியன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2357 ஆம் இலக்கம் ஒருபாலுறவுச் செயல்கள் முறைகேடானவை என்று சொல்வதை நான் எந்த மாணவனிடமும் மறைத்ததில்லை. அடுத்த இலக்கமான 2358, அத்தகைய ஈர்ப்புடையவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், நியாயமற்ற பாகுபாட்டின் எந்த அடையாளமும் கூடாது என்று சொல்வதையும் அதே குரலில்தான் படிப்பிக்கிறேன். இந்தப் போதனைக்குப் பொலிஸின் துணை தேவை என்று அந்த ஏட்டில் எங்கேயும் எழுதப்படவில்லை.

கல்லடி சாலமோன்:
அருள் தம்பி, நீங்களே "ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது" என்று எழுதிவிட்டு, என்னைப் பொய்யன் என்கிறீர்கள். சபை மேடையில் வேதத்தைத் திறந்து பேசிய ஒரு முதியவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, உனக்குச் சிறை என்று நீதிபதி சொன்னபின், அவர் கதவுக்கு உள்ளே போனாரா வெளியே நின்றாரா என்று அளப்பது ஒரு விசுவாசியின் வேலையா? தீர்ப்பு வந்த நாளிலிருந்து முழு விடுதலை கிடைக்கும்வரை ஓராண்டுக்கும் மேலாக அந்த மனிதர் அந்தத் தண்டனையைத் தலையில் சுமந்தார். பின்லாந்தில் பாராளுமன்ற உறுப்பினர் பைவி ரேசனென் 2019 இல் இட்ட ஒரு டுவிட்டர் பதிவுக்காகப் பொலிஸ் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். 2022 இல் விடுதலை, 2023 இல் மீண்டும் விடுதலை, அதன் பிறகும் வழக்கு மேலே போனது. விடுதலை என்று நீங்கள் கொண்டாடும் அந்தச் சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். போதகர் சிறைக்குப் போனார் என்று நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன்.

புளியந்தீவு அருள்:
விதிக்கப்பட்டது வேறு, அனுபவித்தது வேறு. அவர் அந்தத் தண்டனையை அனுபவிக்கவில்லை. நீங்கள் எழுதியது "சிறைக்குப் போனார்" என்பது.

இன்னொன்றையும் மறைத்துவிட்டீர்கள். சுவீடனில் ஒருபாலுறவு குற்றமல்ல என்று ஆனது 1944 இல். கிரீன் மீது பாய்ந்த சட்டமோ, குழுக்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் வேறொரு சட்டம். அதில் பாலியல் நாட்டம் சேர்க்கப்பட்டது 2003 இல். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள், அத்தனை ஆண்டும் போதகர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நமது 365 நீங்கினால் அப்படி ஒரு பேச்சுச் சட்டம் தானாக முளைத்துவிடாது. நமது மறையுரைக்கும் உங்கள் பிரசங்கத்துக்கும் காவல் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையும், 14(1)(அ), 14(1)(உ) ஆகியவையும்தான். 1883 இல் ஆங்கிலேயர் எழுதிவைத்த கோவை அல்ல.

கல்லடி சாலமோன்:
அறுபது ஆண்டுகள் கழித்து வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் வந்தது. நான் சொன்னதும் அதுதான்.

தாண்டவன்வெளி வாசகர்:
சட்டத்தை விட்டுவிட்டுச் சபைகளைப் பாருங்கள். பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை 2021 இல் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. இனி அதன் பிள்ளைகளான இங்குள்ளவர்களும் அதே வழியில் போவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை மட்டுமே அசையாமல் நிற்கிறது.

மத்திய கல்லூரிப் பழைய மாணவன்:
இந்தக் கருத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன். இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964 முதல் தன்னாட்சி பெற்ற திருச்சபை. இலண்டன் எடுக்கும் தீர்மானம் மட்டக்களப்பைக் கட்டுப்படுத்தாது. 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இந்த மண்ணில் இறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த ஆண்டே இங்கேயே உயிரை விட்டபோது, உங்களில் பலருடைய கல்விக்கும் சேர்த்தே அத்திவாரம் இட்டார். அசையாமல் நிற்பதாகச் சொல்லும் நீங்கள், 2023 டிசம்பர் 18 ஆம் திகதி ஒருபாலின இணையருக்கான ஆசீர் பற்றி வத்திக்கான் வெளியிட்ட பிரகடனத்தை வாசித்தீர்களா?

தாண்டவன்வெளி வாசகர்:
வாசித்தேன். திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வழிபாட்டு முறைக்குப் புறம்பான ஆசீர் அது. பள்ளிக்கூடத்தின் வயதைச் சொல்லி வாதத்தில் வெல்ல முடியாது.

கல்லடி சாலமோன்:
பெரிய சபைகள் இரண்டும் தங்களுக்குள் பெருமை பேசுகின்றன. 2004 இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது எங்களைப் போன்ற சிறு சபைகளின் பயத்தை அருகில் வந்து கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வழிபாட்டுக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுக்குப் பலியானார்கள். எங்கள் அச்சம் கற்பனையில் பிறந்ததல்ல.

ஆரையம்பதி மதி:
சாலமோன் அண்ணன், சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகளை இந்த வாதத்துக்குள் இழுக்காதீர்கள். அவர்களைக் கொன்றவர்களுக்கும் 365 ஆம் பிரிவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சுவீடன் போதகர் சிறைக்குப் போனாரா இல்லையா என்று இவ்வளவு எழுதிவிட்டீர்கள். இந்த மாவட்டத்தில் அந்தப் பிரிவு யாருடைய தலைக்குமேல் தொங்குகிறது என்று ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. 365அ இன் கீழ் இரண்டு ஆண்டுகள்வரை சிறை. 1995 இல் அதைத் திருத்தியபோது நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் சேர்த்தார்கள். என் உறவில் ஒருவர், காணிப் பிரச்சினையில் தன்னை அடித்தவர் மீது முறைப்பாடு செய்யப் பொலிஸுக்குப் போகவில்லை. போனால் தன்னைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று பயந்தார். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். பாவம் என்று சொல்லும் மறையுரையைக் கடைசி வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டுதான் வருகிறார். அதைத் தடைசெய்யுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

கல்லடி சாலமோன்:
தங்கச்சி, உங்கள் உறவினரை யாரும் அடிக்கக்கூடாது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் சட்டம் பாவத்தைப் பாவம் என்று சொல்வதை நிறுத்தினால், நாளை நாங்கள் சொல்வதையும் நிறுத்தச் சொல்வார்கள். சுவீடனில் சொன்னார்கள். போதகர் சிறைக்குப் போனார்.

புளியந்தீவு அருள்:
போகவில்லை என்று மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். போன ஒருவரைக் காட்டட்டுமா? அவர் சுவீடனில் இல்லை, இலங்கையில் இருக்கிறார். 2023 இல் புத்தரையும் மற்றச் சமயங்களையும் பற்றிப் பிரசங்கத்தில் பேசியதற்காக ஜெரோம் பெர்னாண்டோ என்ற போதகர் அந்த ஆண்டின் இறுதியில் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவருடைய பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனாலும் பிரசங்கத்துக்காகவே அவர் உள்ளே போனார், 365 ஆம் பிரிவு முழு உயிரோடு இருக்கும் நாட்டிலேயே போனார். 2019 ஏப்ரலில் ஷக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பௌத்த துறவிகளிடையே ஒருபாலுறவைச் சுட்டிய ஒரு சிறுகதைக்காகக் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். அவர் மீது பாய்ந்தது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். சமய வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க அதில் உள்ள பிரிவைத்தான் புண்பட்டவர்கள் கையில் எடுத்து எதிராளியை உள்ளே தள்ளுகிறார்கள். பிரசங்கச் சுதந்திரத்தில் உங்களுக்கு உண்மையான அக்கறை இருந்தால் அதைத் திருத்தக் கேளுங்கள், நான் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன். அந்தச் சிறுகதைக்காரருக்கும் அதே சுதந்திரத்தைக் கேட்பீர்களா? கேட்கமாட்டீர்கள். உங்களுக்குத் தேவைப்படுவது உங்கள் ஒலிவாங்கிக்கு மட்டுமான சுதந்திரம்.

2023 மே மாதத்தில் நமது உயர் நீதிமன்றம், ஒருபாலுறவு குற்றமல்ல என்று ஆக்கப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று தீர்மானித்தது. அதைத் தடுக்க வழக்காடியவர்கள் தோற்றார்கள். 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அது நிறைவேறாமலே போயிற்று. அதற்கு முன் 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் ஒருபாலீர்ப்பு குற்றமல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். போதனை ஓர் அங்குலமும் நகரவில்லை.

காத்தான்குடி வாசகர்:
அருள் சேர் சொன்ன அதே சட்டத்தின்கீழ் 2020 இல் ரம்ஸி ராசீக் ஒரு முகநூல் குறிப்புக்காகக் கைதாகி ஐந்து மாதங்கள் உள்ளே இருந்தார். எங்கள் மார்க்கமும் ஒருபாலுறவை விலக்கியிருக்கிறது. ஆனாலும் இந்தச் சட்டத்துக்குப் பயந்து எழுத்தைச் சுருட்டி வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம்.

கல்லடி சாலமோன்:
பாப்பரசர் சொன்னது உங்களுக்கு. எங்களுக்கு வேதம் போதும். ஜெரோமைப் பற்றி நான் எழுதவில்லை, சிறுகதை பற்றியும் எழுதவில்லை. நான் எழுதியது சுவீடனைப் பற்றி. தீர்ப்பில் "சிறை" என்ற சொல் இருந்ததா இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள் தம்பி.

புளியந்தீவு அருள்:
கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் இருந்தது. மேலே உள்ள இரண்டு நீதிமன்றங்களும் அதை அழித்துவிட்டன. சுவீடன் சட்டத்தின்படி மட்டும் பார்த்தால் குற்றமாகலாம், ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயம் காக்கும் சமய, பேச்சுச் சுதந்திரத்தின்படி தண்டிக்க முடியாது என்பதே உயர் நீதிமன்றத்தின் காரணம். உங்கள் போதகரைக் காப்பாற்றியது மனித உரிமை. அதைத்தான் மதி தங்கச்சியின் உறவினருக்கும் கேட்கிறோம். இப்போது நீங்கள் பதில் சொல்லுங்கள்: அவர் எந்தச் சிறையில், எந்தத் திகதியில் அடைக்கப்பட்டார்?

கல்லடி சாலமோன்:
தண்டனை விதிக்கப்பட்டது. என் பதில் அதுதான்.